ஒரே கேமுக்கு இரண்டு மார்க்: மொபைல் கேம் ரேட்டிங்கைப் படிப்பது எப்படி?

2016 டிசம்பரில் நிண்டெண்டோ தன் செல்லப்பிள்ளை மரியோவை ஐபோனுக்குக் கொண்டுவந்தது. கேமின் பெயர் சூப்பர் மரியோ ரன். விமர்சகர்கள் போட்ட மார்க்குகளின் சராசரி நூற்றுக்கு எழுபத்தைந்தை ஒட்டி நின்றது. அதே வாரம் ஆப் ஸ்டோருக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு ஐந்துக்கு இரண்டரை ஸ்டார் அளவில்தான் தெரிந்தது. இதில் எதை நம்பி டவுன்லோட் செய்வது?

காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. வந்த புதிதில் கேமை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், முதல் மூன்று லெவலை ஆடலாம், நான்காவதில் சில நொடி ஓடியதும் நின்றுவிடும். மீதி வேண்டுமென்றால் 9.99 டாலர். விமர்சகர் முழு கேமையும் ஆடிவிட்டு, ஒரே விரலால் மரியோவைக் குதிக்க வைப்பது எவ்வளவு நேர்த்தியாக வந்திருக்கிறது, 24 லெவல்களும் எப்படி அமைந்திருக்கின்றன என்று எழுதினார். ஒற்றை ஸ்டார் போட்டவரோ மூன்று லெவல் முடிந்ததும் முகத்துக்கு நேரே வந்து நின்ற விலையைப் பார்த்துக் கடுப்பாகிப் போட்டார். எந்நேரமும் இன்டர்நெட் இருந்தால்தான் ஓடும் என்பது பலருக்கு இன்னொரு எரிச்சல். இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஒருவர் கேமுக்கு மார்க் போட்டார், மற்றவர் விலைக்கு மார்க் போட்டார்.

போன் கேமோ, நிண்டெண்டோ ஸ்விட்ச், ஸ்டீம் டெக் மாதிரி கையில் வைத்து ஆடும் கருவியின் கேமோ, எதற்கு ரேட்டிங் பார்த்தாலும் கேட்க வேண்டியது இதுதான்: இந்த எண்ணை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள், எதுவரை ஆடிவிட்டுப் போட்டார்கள்?

ஸ்டோரில் தெரியும் ஸ்டார்

முதலில் ஸ்டோர் ஸ்டாரைப் பார்ப்போம். நம்மில் பெரும்பாலானோர் பார்ப்பது இதை மட்டும்தான்.

ஸ்டார் போடச் சொல்லி கேம் நம்மைக் கேட்பது எப்போது என்று கவனித்திருக்கிறீர்களா? கஷ்டமான ஒரு லெவலை நாலைந்து முறை தோற்று, கடைசியில் ஜெயித்து, திரை முழுக்கத் தங்கக் காசு கொட்டிக்கொண்டிருக்கும். சரியாக அந்த நொடியில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்து ஸ்டார் கேட்கும். தோற்றுப்போய், முப்பது நொடி விளம்பரம் ஓடி, அதை மூடும் பெருக்கல் குறி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போது எந்த கேமும் கேட்பதில்லை. ஆக, 4.6 என்று நிற்கும் எண்ணில் ஜெயித்த சந்தோஷம் நிறையவே கலந்திருக்கிறது. இதில் தப்பேதும் இல்லை, வியாபாரம் தெரிந்தவர்கள் செய்வதுதான். ஆனால் பார்க்கிற நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

தப்பு என்றே சொல்லக்கூடியதும் நடந்திருக்கிறது. 1997-இல் கம்ப்யூட்டரில் வந்து பேர் வாங்கிய டஞ்சன் கீப்பரை, 2014-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் இலவச மொபைல் கேமாக வெளியிட்டது. தரைக்கடியில் பாறையைத் தோண்டி அறை அறையாகக் கட்டுவதுதான் ஆட்டம். மொபைல் பதிப்பில் சில பாறைக் கட்டிகளை உடைக்க நான்கு மணி நேரம், சிலவற்றுக்கு இருபத்து நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் காசு கட்டி ரத்தினம் வாங்கி உடனே உடைக்கலாம். யூரோகேமர் தளம் பத்துக்கு ஒரு மார்க் கொடுத்தது. இதைவிட வேடிக்கை ஆண்ட்ராய்டு பதிப்பின் ரேட்டிங் பெட்டி. அதில் இரண்டே பட்டன்: ஒன்றில் "1 முதல் 4 ஸ்டார்", மற்றதில் "5 ஸ்டார்". ஐந்தைத் தொட்டால் நேராக ப்ளே ஸ்டோர் திறக்கும். மற்றதைத் தொட்டால் நிறுவனத்துக்குக் குறையை எழுதி அனுப்பும் பக்கம் வரும். நாலு ஸ்டார் போட நினைத்தவர்கூடத் தானாகத் தேடிப்போய்த்தான் போட வேண்டும். திருப்தி இல்லாதவர்களின் கருத்தைத் தெரிந்துகொள்ளத்தான் அப்படி வைத்தோம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில், இந்த கேமை இலவசம் என்று விளம்பரப்படுத்தியது தவறான எண்ணத்தைத் தருகிறது என்று பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தீர்ப்புச் சொன்னது.

அதற்குப் பிறகு கடிவாளங்கள் வந்தன. ஐபோனில் 2017 முதல் ஸ்டார் கேட்பதற்கென்று ஆப்பிளே ஒரு பெட்டியை வைத்திருக்கிறது. ஒரு ஆப் அதை வருடத்துக்கு மூன்று முறைக்கு மேல் காட்ட முடியாது. ஸ்டார் கேட்பதற்கு முன்னால் "பிடித்திருக்கிறதா?" என்று தூண்டில் போட்டு, ஆம் என்பவர்களை மட்டும் உள்ளே அனுப்பக் கூடாது என்பது கூகுளின் விதி. எல்லோரும் அதை மதிக்கிறார்களா என்பது உங்கள் போனிலேயே தெரியும்.

எண்ணைக் கணக்கிடும் முறையும் மாறிவிட்டது. முன்பு ப்ளே ஸ்டோரில் கேம் வந்த நாளிலிருந்து விழுந்த எல்லா ஸ்டாருக்கும் ஒரே மதிப்பு. 2019-இல் கூகுள் அதை மாற்றி, சமீபத்தில் விழுந்த ஸ்டாருக்கு எடை கூட்டியது. மூன்று வருடம் முன்பு அருமையாக இருந்து, இப்போது விளம்பரக் குப்பையாகிவிட்ட கேம் பழைய பெருமையிலேயே ஓட்ட முடியாது என்று ஆனது. 2021 நவம்பர் முதல் போனில் தெரிவது உங்கள் நாட்டுக்காரர்கள் போட்ட ரேட்டிங். ஆப்பிள் ஸ்டோரிலும் நாட்டுக்கு நாடு தனிக் கணக்குதான். மதுரையில் இருப்பவர் பார்க்கும் எண்ணும் டொராண்டோவில் இருக்கும் அவர் தங்கை பார்க்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நமக்கு இது நல்லதே. விலை அதிகம், பழைய போனில் சூடாகிறது, சர்வர் தூரத்தில் இருப்பதால் இழுக்கிறது என்கிற குறைகளெல்லாம் ஊருக்கு ஊர் வேறுபடும்.

கூட்டமாக வந்து போடும் ஒற்றை ஸ்டார்

ரிவ்யூ பாம்பிங் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏதோ ஒரு கோபத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்து ஒற்றை ஸ்டார் போட்டு எண்ணைச் சரிப்பது.

2021 செப்டம்பரில் கென்ஷின் இம்பாக்ட் கேமுக்கு முதல் பிறந்தநாள். ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த பரிசு அற்பமாக இருந்ததென்று ரசிகர்கள் கொதித்தார்கள். ப்ளே ஸ்டோர் ரேட்டிங் சில நாளில் சடசடவென்று சரிந்தது. கேமில் ஒரு பிக்ஸல்கூட மாறவில்லை. பிறகு நிறுவனம் கூடுதல் பரிசு கொடுத்தது. ஒற்றை ஸ்டாரை இங்கே மனு போலப் பயன்படுத்தினார்கள், அது வேலையும் செய்தது.

நம் நாட்டிலும் இது நடந்தது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை இந்திய அரசு தடை செய்த இரண்டே நாளில் ஃபௌஜி என்ற இந்திய கேம் அறிவிக்கப்பட்டது. பப்ஜிக்கு மாற்று வருகிறது என்று பலரும் அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். 2021 குடியரசு தினத்தன்று கேம் வந்தது. திறந்து பார்த்தால் நூறு பேர் மோதும் ஆட்டம் இல்லை. கல்வான் பள்ளத்தாக்கில் ஒற்றை ஆளாகக் கைச்சண்டை போட்டு முன்னேறும் கதைதான் இருந்தது. ஏமாந்தவர்கள் போட்ட ஒற்றை ஸ்டாரில் ரேட்டிங் மூன்றின் பக்கம் இறங்கியது. கேமில் குறை இருந்தது உண்மைதான், ஆனால் அந்த எண்ணில் பாதி பப்ஜியின் மேல் இருந்த ஏக்கம்.

எனக்கு இன்னும் மனசு ஆறாதது மானுமென்ட் வேலி விஷயம். 2014-இல் வந்த, கண்ணை ஏமாற்றும் கட்டடங்களுக்குள் ஒரு சின்ன இளவரசியை நடத்திச் செல்லும் புதிர் கேம். அதே வருடம் ஆப்பிளின் டிசைன் விருது வாங்கியது. நவம்பரில் எட்டுப் புதிய லெவல்களைச் சேர்த்து அதற்கு 1.99 டாலர் விலை வைத்தார்கள். ஏற்கனவே காசு கொடுத்து வாங்கியவர்களிடம் மறுபடியும் காசா என்று ஒற்றை ஸ்டார் வரிசையாக விழுந்தது. ஒரு காபி விலைக்குக் கேட்டதற்கு இத்தனை கோபம்! ஆரம்பத்திலேயே விலை சொல்லி விற்கும் மொபைல் கேம்கள் ஏன் அருகிவிட்டன என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

விமர்சகர் மார்க்

விமர்சகர் என்பவர் கேமை முடிந்தவரை முழுதாக ஆடி, எழுத்தில் காரணம் சொல்லி, கடைசியில் ஒரு மார்க் போடுபவர். ஜப்பானில் 1986-இல் தொடங்கிய ஃபாமிட்சு பத்திரிகையில் ஒரே கேமை நான்கு பேர் ஆடி ஆளுக்குப் பத்துக்கு மார்க் போடுவார்கள். மொத்தம் நாற்பது. கையடக்கக் கருவி கேம்களில் முதலில் நாற்பதுக்கு நாற்பது வாங்கியது 2005-இல் நிண்டெண்டோ டிஎஸ்ஸில் வந்த நிண்டெண்டாக்ஸ். சண்டையும் இல்லை, சாகசமும் இல்லை, நாய்க்குட்டி வளர்ப்பதுதான் விளையாட்டு. தொடுதிரையில் தடவிக்கொடுக்கலாம், மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடலாம். அந்தக் கருவியால் மட்டுமே முடிகிற ஒன்றைச் செய்ததற்கு விழுந்த மார்க் அது.

பல பத்திரிகைகளின் மார்க்கைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் வேலையை 2001-இல் தொடங்கிய மெட்டாக்ரிடிக் செய்கிறது. நான்கு ஸ்டார் என்றால் எண்பது, பத்துக்கு ஏழு என்றால் எழுபது என்று எல்லாவற்றையும் நூற்றுக்கு மாற்றிச் சராசரி எடுக்கும். குறைந்தது நான்கு விமர்சனமாவது வந்தால்தான் மார்க் காட்டும். 75-உம் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே எடை கிடையாது, எதற்கு எவ்வளவு என்று அவர்கள் வெளியே சொல்வதும் இல்லை. புதிதாக வருபவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. அதே பக்கத்தில் பத்துக்கு இத்தனை என்று இன்னொரு எண் இருக்கும். அது பொதுமக்கள் போட்டது, விமர்சகர் மார்க்கோடு சேராது.

இந்த அளவுகோலில் ஒரு கோணல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தால் பாஸ், கேம் விமர்சனத்தில் 60 எடுத்தாலே ஃபெயில் மாதிரி. எழுபது சுமார், எண்பது நல்லது, தொண்ணூறு பிரமாதம் என்று எழுதாத சட்டம் ஒன்று உருவாகிவிட்டது. ஐம்பதுக்குக் கீழே உள்ள இடமெல்லாம் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். இந்த எண் மோகம் வேண்டாமென்று யூரோகேமர் 2015-இல் மார்க் போடுவதையே நிறுத்தியது. 2023-இல் ஐந்து ஸ்டாரோடு திரும்பி வந்துவிட்டது. வாசகர்களுக்கு எண் வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

எண்ணை மட்டும் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்பதற்குப் பழைய வேடிக்கை ஒன்று. 2014-இல் நிண்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவியில் போக்கிமான் ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபையர் கேம்கள் வந்தன. ஐஜிஎன் தளம் பத்துக்கு 7.8 கொடுத்து, குறைகளில் ஒன்றாகத் "தண்ணீர் அதிகம்" என்று போட்டது. இணையம் முழுக்கச் சிரிப்பு. இன்றுவரை கேலிக்கு அந்த வரியைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் விமர்சனத்தை முழுதாகப் படித்தவர்களுக்கு விஷயம் புரியும். கேமின் பிற்பாதியில் கடலிலேயே சுற்ற வேண்டும். அங்கே திரும்பத் திரும்பத் தண்ணீர் வகைப் போக்கிமான்களே எதிரே வரும். அதனால் சண்டைகளில் ஒரே மாதிரித்தனம் வந்துவிடுகிறது. இது நியாயமான குறைதான். இரண்டே சொல்லாகச் சுருக்கியதும் கேலிக்கூத்தாகிவிட்டது.

நம்மவர் கதை ஒன்றையும் பார்க்கலாம். 2023-இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட வெண்பா, எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா எழுதிக்கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்து, சில வரிகள் அழிந்து கிடக்கும். விடுபட்டதை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு செய்ய வேண்டும். நிண்டெண்டோ ஸ்விட்சிலும் வந்தது. ஒன்றரை மணி நேரம் போல ஆடினால் முடிந்துவிடும். இந்த நீளத்தைச் சில விமர்சகர்கள் குறையாக எழுதினார்கள்: பாத்திரங்களோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க விடவில்லையே என்று. வேறு சிலர் அதே நீளத்தை அளவறிந்து நிறுத்திய அழகு என்றார்கள். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருது கிடைத்தது. பதினைந்து டாலருக்குப் பத்து மணி நேரமாவது ஓட வேண்டும் என்று கணக்குப் பார்ப்பவருக்கு முதல் விமர்சனம் உதவும். எதிர்மறை விமர்சனம்கூட வாங்குவதற்குக் காரணமாகலாம்: ஒரு மாலையில் முடிகிற கேம் வேண்டும் என்று இருப்பவருக்கு "ரொம்பச் சின்னது" என்பது நல்ல செய்தி.

மொபைலில் விமர்சகர் எங்கே?

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: மொபைல் கேம்களுக்கு விமர்சகர்களே அருகிவிட்டார்கள். 2008-இல் ஆப் ஸ்டோர் பிறந்த அதே ஆண்டு தொடங்கி, மொபைல் கேம் என்றாலே நினைவுக்கு வந்த டச் ஆர்கேட் தளம் 2024 செப்டம்பரில் மூடுவதாக அறிவித்தது. நீங்கள் ஆடும் பல மொபைல் கேம்களை மெட்டாக்ரிடிக்கில் தேடினால் மார்க் இருக்கும் இடம் காலியாகத்தான் இருக்கும்.

பணம் ஒரு காரணம். இன்னொரு காரணம் கேமின் இயல்பிலேயே இருக்கிறது. விலை கொடுத்து வாங்கும் கேமுக்கு முடிவு என்று ஒன்று உண்டு. இலவச மொபைல் கேமுக்கு முடிவு கிடையாது, வாராவாரம் மாறும். முதல் வாரம் தாராளமாகப் பரிசு கொட்டும், இரண்டாம் மாதம்தான் கஞ்சத்தனம் தெரியும். முதல் வாரத்தில் எழுதப்பட்ட விமர்சனம் அந்த வாரத்துக்கு மட்டுமே சாட்சி. கம்ப்யூட்டரில் ஏற்கனவே பேர் வாங்கிய டியாப்லோ கேம் வரிசையில் 2022 ஜூனில் போனுக்கு வந்த டியாப்லோ இம்மார்ட்டலைப் பாருங்கள். ஆரம்பத்தில் விமர்சகர்கள் பலர் சண்டை நன்றாக இருக்கிறது என்று நல்ல மார்க்கே போட்டார்கள், ஆப் ஸ்டோரிலும் நாலுக்கு மேல். மெட்டாக்ரிடிக்கில் பொதுமக்கள் மார்க்கோ பத்துக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. பாத்திரத்தின் பலத்தைக் கூட்டும் உயர்ந்த ரத்தினக் கற்கள் குலுக்கல் முறையில் வருவதும், உச்சத்துக்குப் போக எவ்வளவு பணம் கொட்ட வேண்டியிருக்கும் என்பதும்தான் கோபம். அந்த எண்ணைப் போட்டவர்கள் பழைய டியாப்லோ ரசிகர்கள். ஆப் ஸ்டோரில் போட்டவர்களில் பலருக்கு இதுவே முதல் டியாப்லோ.

கையடக்கக் கருவிகளின் நிலை இவ்வளவு மோசமில்லை, அங்கே விமர்சனம் நிறையவே வருகிறது. ஆனால் அந்த விமர்சகர் எதில் ஆடினார் என்று பார்க்க வேண்டும். டிவியோடு இணைக்கும் பெரிய கன்சோலில் ஆடியவர் போட்ட தொண்ணூறு, அதே கேமின் ஸ்விட்ச் பதிப்புக்குப் பொருந்தாமல் போகலாம். கையில் பிடித்து ஆடும்போது எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்ததும் அப்படியே நிறுத்திவிட்டு அப்புறம் தொடர முடியுமா என்பதெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து ஆடியவர் எழுதமாட்டார். ஸ்டீம் டெக்குக்கு, அதைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் ஒவ்வொரு கேமாகச் சோதித்து, முழுதாகப் பொருந்துகிறது, ஓரளவு ஆடலாம், ஓடாது என்று முத்திரை குத்துகிறது. திரையில் எழுத்து படிக்கிற அளவில் இருக்கிறதா என்பதும் அந்தச் சோதனையில் உண்டு. கேம் சுவாரஸ்யமா என்று அந்த முத்திரை சொல்லாது.

மார்க்குக்கும் விற்பனைக்கும் பெரிய சொந்தமும் இல்லை. 2022 நவம்பரில் ஸ்விட்சில் வந்த போக்கிமான் ஸ்கார்லெட், வயலெட் கேம்களில் படம் திக்கித் திக்கி ஓடியது, பாத்திரங்கள் தரைக்குள் புதைந்தன. விமர்சகர் சராசரி எழுபதுகளின் தொடக்கத்துக்கு இறங்கியது. முதல் மூன்று நாளில் மட்டும் ஒரு கோடிப் பிரதி விற்றது.

ஸ்டோர் பக்கத்தைத் திறந்ததும்

நான் மொத்த எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன். அதன் பக்கத்தில், எந்த ஸ்டாரை எத்தனை பேர் போட்டார்கள் என்று காட்டும் பட்டைகள் ஐந்து முதல் ஒன்று வரை இருக்கும். ஐந்தும் ஒன்றும் மட்டும் நீண்டு, நடுவில் ஒன்றுமே இல்லையென்றால் ஏதோ சண்டை நடக்கிறது என்று அர்த்தம். பிறகு ரிவ்யூக்களைப் புதியது முதலில் வரும்படி மாற்றிவிட்டு, இரண்டு, மூன்று ஸ்டார் போட்டவர்களைத் தேடிப் படிப்பேன். ஐந்து ஸ்டார்காரர் "சூப்பர் கேம்" என்று முடித்துவிடுவார், ஒற்றை ஸ்டார்காரர் திட்டிவிட்டுப் போய்விடுவார். நடுவில் இருப்பவர்தான் எதுவரை நன்றாக இருந்தது, எந்த லெவலில் காசு கேட்க ஆரம்பித்தது, எந்த அப்டேட்டுக்குப் பிறகு விளம்பரம் கூடியது என்று விவரமாக எழுதுவார். போன் மாடலைச் சொல்லி எழுதியிருந்தால் இன்னும் நல்லது. கேமுக்குள் விற்கும் பொருள்களின் விலை எதிலிருந்து எதுவரை என்று அந்தப் பக்கத்திலேயே ஒரு வரி இருக்கும். மேல் எல்லை ஆயிரக்கணக்கில் போனால் அந்த கேம் யாரை நம்பிப் பிழைக்கிறது என்று புரிந்துவிடும்.

கடைசியாக, ஸ்டாருக்குப் பக்கத்தில் 3+, 12+, 16+ என்று ஒரு கட்டம் இருக்குமே, அதையும் ரேட்டிங் என்றே சொல்கிறோம். அது வயது வரம்பு. வன்முறை உண்டா, கெட்ட வார்த்தை உண்டா, சூதாட்டம் உண்டா என்ற கேள்வித்தாளுக்குக் கேமை உருவாக்கியவர்கள் கொடுக்கும் பதிலிலிருந்து வருவது. 3+ போட்ட கேமிலும் காசு பறிக்கும் கடை இருக்கலாம். பிள்ளைகள் கையில் போனைக் கொடுப்பதாக இருந்தால், ப்ளே ஸ்டோர் செட்டிங்கில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றிவிட்டுக் கொடுங்கள்.